பனையிலிருந்து விழுந்த அண்ணனை வீட்டில் வைத்துப் பார்க்கிறோம், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேரிமணல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குத் திசையன்விளைப் பக்கம். நான் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். ஊரில் அம்மா, அண்ணன், மதினி, அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்.

அண்ணனுக்கு 36 வயது. பனையேற்றுதான் தொழில். இந்தப் பங்குனியில் பயினி (பதநீர்) இறங்க ஆரம்பித்த சமயம், பாளை சீவ ஏறியவர் காய்ந்த மட்டையைப் பிடித்துவிட்டார் போலிருக்கிறது. மட்டையோடு கீழே வந்துவிட்டார். தேரி மண், மெத்தென்ற செம்மணல் என்பதால்தான் உயிர் பிழைத்தது என்று ஊரில் சொல்கிறார்கள். முதுகெலும்பில் டி12 என்கிற, விலா எலும்பு முடிகிற இடத்து எலும்பு நொறுங்கி, தண்டுவடத்தில் அடி. ராடும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மூத்திரத்துக்கு டியூப் போட்டு, "பிசியோ பாருங்க, படுக்கைப்புண் வராமப் பாத்துக்கோங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

இப்போது ஆவணி. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கால் இரண்டும் துவண்டு கிடக்கிறது. பிருஷ்டத்துக்கு மேலே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் வந்துவிட்டது. ஓரம் கறுத்திருக்கிறது. அம்மா மஞ்சள் பற்றுப் போடுகிறாள். டியூப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, குளிர் காய்ச்சல் வருகிறது, ஊசி போட்டால் அடங்குகிறது, மறுபடி வருகிறது. மூத்திரம் நிறையப் போனால் பையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அம்மா தண்ணீரைக் குறைத்துத்தான் கொடுக்கிறாள். மலம் போவது பெரும்பாடு. ஆசனவாயில் மருந்து வைத்தாலும் சரியாகப் போவதில்லை, ஆனால் இருமினாலோ புரட்டினாலோ கொஞ்சம் வந்துவிடுகிறது. மதினிக்குத் துணி அலசியே விடிந்துவிடுகிறது.

அண்ணன் பேச்சையே விட்டுவிட்டார். யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

சொந்தக்காரர் ஒருவர் ஸ்டெம்செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்கிறார், சில லட்சம் ஆகுமாம். எங்களிடம் இருப்பது வீட்டடியும் நாற்பது பனை நிற்கிற விளையும்தான். அதை விற்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. நான் மாதத்துக்கு ஒரு முறைதான் ஊருக்குப் போக முடிகிறது. எதை முதலில் செய்வது என்றே தெரியவில்லை.

குற்றாலச்சாரல்:

தம்பி, மனசைத் தளர விடாதீங்க. எங்க பெரியப்பா மகனுக்கு இடுப்பில் அடி பட்டபோது எண்ணெய்க்கட்டு போட்டுத்தான் எழுந்து நடந்தார். சூடு தாங்குகிற அளவுக்கு ஒத்தடமும் கொடுத்தார்கள். ஒரு மண்டலம் பார்க்கலாமே. வேண்டுமென்றால் வைத்தியர் விவரம் தனியாக அனுப்புகிறேன்.

முக்கூடல் அக்கா:

மேலே சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் ஒத்தடம் மட்டும் வேண்டவே வேண்டாம். அவர் பெரியப்பா மகனுக்கு எலும்பில் அடி, உங்கள் அண்ணனுக்குத் தண்டுவடத்தில் அடி. சூடு தாங்குகிறதா என்று அண்ணனைக் கேட்டால் அவர் எப்படிச் சொல்வார்? தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகு நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் முக்கூடல் பக்கத்து ஊர். பீடி சுற்றுகிறேன். என் வீட்டுக்காரர் கொல்லத்துக்குக் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்தார். அடி டி10இல், உங்கள் அண்ணனுக்கு இரண்டு எலும்பு மேலே. அன்றைக்குப் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அதனால் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, கையால் செய்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். அம்மா செய்வது, மதினி செய்வது எல்லாம் இருக்கிறது. அண்ணன் என்ன செய்கிறார் என்று ஒரு வரி கிடையாது. டி12 என்றால் கை இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. அதுவும் பனையேறியின் கை! பத்துப் பேருக்கு இருக்காத வலு அந்தத் தோளில் இருக்கும். அவரை ஒரு மூட்டையாகப் புரட்டிக்கொண்டே இருந்தால் அவர் சுவரைப் பார்க்காமல் என்ன செய்வார்? அவர் உடம்பை அவரே பார்த்துக்கொள்ளப் பழக்குவதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

ஆனால் அதற்கு முன்னால் புண். ஓரம் கறுத்திருக்கிறது என்றால் செத்த தசை இருக்கிறது என்று அர்த்தம். அதை டாக்டர்தான் எடுத்துவிட வேண்டும். இந்த வாரமே அவரைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சர்ஜரி டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள், சாம்பல், பவுடர், ஸ்பிரிட், நுரைக்கிற மருந்து எதுவும் புண்ணில் படக்கூடாது. கழுவ சலைன் போதும். புண் ஆறுகிற வரைக்கும் அந்த இடத்தில் பாரம் விழவே கூடாது. மல்லாக்கப் படுக்கை கிடையாது, தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்து உட்காருவதும் கிடையாது. இடது பக்கம், வலது பக்கம், டாக்டர் சரி என்றால் கவிழ்ந்தும் படுக்கலாம். பக்கவாட்டில் படுக்கும்போது நேராக இடுப்பெலும்பின் மேல் படுக்கவிடாதீர்கள். அங்கேயும் புண் வரும். முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்துக் கொஞ்சம் சரிவாகப் படுக்க வையுங்கள். முழங்கால் நடுவில் ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் அடியில் ஒன்று. நடுவில் ஓட்டை விட்ட காற்று வளையத்தை யாராவது வாங்கிவந்தால் பரணில் போடுங்கள். அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரித்துப் புண்ணைப் பெரிதாக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். இதற்கு நான் கடிகாரம் பார்ப்பதில்லை. எனக்கு இருநூறு பீடி சுற்ற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். இருநூறு முடிந்து கட்டைக் கட்டி வைத்தேன் என்றால் எழுந்துபோய்த் திருப்பிவிடுவேன். ராத்திரிக்குப் போன் அலாரம். உங்கள் மதினிக்கும் ஏதாவது ஒரு வேலையோடு இதைச் சேர்த்துவிடுங்கள். தனி வேலையாக வைத்தால் நடுராத்திரி கண்டிப்பாக விட்டுப்போகும். அண்ணன் தன் வேட்டியையோ கட்டில் கம்பியையோ பிடித்துத் தானே புரள ஆரம்பித்துவிட்டால் இந்தப் பாடே பாதி குறையும். பிசியோக்காரர் வந்தால் முதலில் அதைத்தான் கற்றுக்கொடுக்கச் சொல்ல வேண்டும்.

ஏர் பெட் வாங்குங்கள், காற்று மாறி மாறி ஏறி இறங்குமே, அது. ஆனால் ஏர் பெட் இருக்கிறதே என்று திருப்பாமல் விட்டால் போச்சு. அதன் மேல் கம்பளி, கட்டிப் போர்வை, பாய் என்று அடுக்கினாலும் வாங்கிய காசு வீண். மெல்லிய பருத்தித் துணி ஒன்று, சுருக்கம் இல்லாமல். கரண்ட் போனால் காற்று இறங்கும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையிலும் ராத்திரியிலும் உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரிகிறது? நான் புறங்கையை வைத்துத்தான் பார்ப்பேன். சுற்றி இருக்கிற தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா, நிறம் ஒரு பங்கு கூடுதலாகக் கறுத்திருக்கிறதா. அப்படி இருந்தால் அது தெளிகிற வரைக்கும் அந்த இடத்தில் பாரம் கிடையாது. அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவும் கூடாது. அண்ணன் கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துவிடுங்கள், போன் கேமராவும் ஆகும். அவரே பார்க்கட்டும். சாப்பாட்டில் முட்டை, பயறு, சாளை மீன் என்று தினம் ஏதாவது ஒன்று கூடுதலாகச் சேருங்கள். புண் ஆற அதுவும் ஒரு மருந்துதான்.

மூத்திர விஷயம். தண்ணீரைக் குறைப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகி மண்டி படியும், டியூப் அடைக்கும், காய்ச்சல் வரும். நீங்கள் சொன்ன எல்லாமே அந்த வரிசைதான். டியூப் அடைத்து, பையில் ஒன்றும் இறங்காமல், அடிவயிறு இறுகினால் முதலில் எங்காவது மடங்கியிருக்கிறதா, பை கட்டிலுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. உள்ளே பலூன் இருக்கிறது, யாரும் இழுத்துவிடக் கூடாது.

அடுத்து, டாக்டரிடம் நீங்களாகவே ஒன்று கேளுங்கள்: "நிரந்தர டியூபை எடுத்துவிட்டு நேரத்துக்கு நேரம் டியூப் விட்டு எடுக்கிற முறைக்கு மாறலாமா?" சி.ஐ.சி. என்பார்கள். நான்கு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஜெல்லி தடவிய மெல்லிய டியூபை அவரே விட்டு, மூத்திரத்தை ஜாடியில் இறக்கிவிட்டு, உடனே வெளியே எடுத்துவிடுவது. சுத்தமாக இருந்தால் போதும், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி எல்லாம் வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் தேங்கக்கூடாது. அதனால் அளவு போட்ட ஜாடி வைத்துக்கொள்ளுங்கள். கூடினால் நேரத்தை நெருக்க வேண்டும். நாள் முழுக்க ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீர், பொழுது சாய்ந்த பிறகு கொஞ்சம் குறைவாக.

என் வீட்டுக்காரர் இதை முதலில் கேட்டபோது முடியாது என்று கையை உதறினார். ஆய்க்குடியில் இவரைப்போலவே நாற்காலியில் இருந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தான் செய்வதைக் காட்டினார். டாக்டர் சொல்லிக் கேட்காத மனிதர் அதைப் பார்த்துவிட்டுத்தான் டியூபைக் கையில் எடுத்தார். பை போன அன்றைக்குத்தான் வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பேச்சும் அதற்கப்புறம்தான் வந்தது.

ஆய்க்குடி என்றால் தென்காசிக்குப் பக்கத்தில் அமர் சேவா சங்கம். எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. 1975இல், இன்ஜினியரிங் படிக்கையில், கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் போன இடத்தில் விழுந்து கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போனவர் அவர். 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்குத் தங்க வைத்துப் பழக்கித் தருகிறார்கள். விளையை விற்கிற காசில் ஊசி போடுவதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்வாருங்கள். நான் சொல்வதை அண்ணன் கேட்க மாட்டார், நீங்கள் சொல்வதையும் கேட்க மாட்டார். அங்கே நாற்காலியில் வேலைக்குப் போய்வருகிறவர்களைப் பார்த்தால் அவரே யோசிப்பார்.

இப்போது என் வீட்டுக்காரர்தான் எனக்கு இலை வெட்டித் தருகிறார். தகடு வைத்துக் கத்தரிப்பதில் என்னைவிட வேகம். ஒன்று மட்டும் கண்டிப்பு. மடியில் பலகை இல்லாமல் கத்தரியைத் தொடக்கூடாது. கத்தரி வழுக்கித் தொடையில் குத்தி நின்றாலும் அவருக்குத் தெரியாது. நனைத்த இலைக்கட்டையும் மடியில் வைக்க விடமாட்டேன், ஈரம் தோலை ஊற வைத்துவிடும். சூடான டீ டம்ளர், வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை, பைக் சைலன்சர் எல்லாமே இந்தக் கணக்குத்தான். உணர்வு இல்லாத காலுக்குக் கண்தான் காவல்.

மலம் போவதற்கு நாங்கள் செய்வது: தினம் காலையில் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, மருந்து வைத்து, கையுறை போட்டு விரலால் லேசாகச் சுற்றிவிடுவது. ஒரே நேரம், தவறவே கூடாது. உங்கள் அண்ணனுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்கிறீர்கள். அது ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பாளை பிசியோ:

அக்கா சொன்னதற்கு மேல் சேர்க்க அதிகம் இல்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

தண்டுவடம் முதுகெலும்பின் கடைசி வரை போவதில்லை. டி12க்கு அடுத்து வரும் இடுப்பு எலும்புகளான எல்1, எல்2க்கு அருகே கூம்பாக முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கீழே நரம்புக் கற்றைதான். அக்காவின் வீட்டுக்காரருக்கு அடி அந்தக் கூம்புக்கு மேலே. மூளையோடு தொடர்பு அறுந்தாலும் கீழே இருக்கிற அனிச்சைச் செயல் மிச்சமிருக்கும். மருந்து வைத்தால், விரலால் தூண்டினால் குடல் தானாகச் சுருங்கித் தள்ளும். அவருக்குக் காலில் இறுக்கமும் வெட்டி இழுப்பதும் இருக்குமே?

டி12 எலும்பு நொறுங்கியவர்களுக்குப் பல சமயம் அடி அந்தக் கூம்பிலேயே விழுந்துவிடும். அப்படியானால் அனிச்சைச் செயலும் போய்விடும். கால் துவண்டு இருப்பது, மருந்து வேலை செய்யாதது, இருமினால் கசிவது மூன்றும் அதைத்தான் காட்டுகின்றன. நேரில் பரிசோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அப்படி இருந்தால் மருந்தை மட்டும் நம்பாமல், கையுறையும் ஜெல்லியும் போட்டு விரலால் மெதுவாக எடுத்துவிட வேண்டியிருக்கும். தினம் ஒரு முறை, தேவைப்பட்டால் இரண்டு முறை. மலம் இளகலாக இருந்தால் கசிவு கூடும், கொஞ்சம் கெட்டியாக இருப்பதே இவருக்கு வசதி. பேதி மருந்தை அள்ளிக் கொடுக்க வேண்டாம். இதையும் அவரே செய்யப் பழகலாம், பலர் செய்கிறார்கள். புண் இருக்கும் இடத்தில் மலம் படாமல் இருக்க வேண்டும் என்பதால் இதை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்.

மூத்திரப்பை எந்த வகை, சிறுநீரகத்துக்கு அழுத்தம் ஏறுகிறதா என்று யூராலஜி டாக்டர் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது கிட்னி ஸ்கேனும், கிட்னி வேலை செய்கிறதா என்று பார்க்கிற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும். டியூப் இருக்கும்போது பரிசோதனையில் கிருமி தெரியத்தான் செய்யும். காய்ச்சல், நடுக்கம் இல்லாமல் அதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டாம், பிறகு அவசரத்துக்கு எந்த மருந்தும் கேட்காது.

கணுக்கால் தொங்கிப்போய் அப்படியே இறுகிவிடக்கூடாது. தினம் இரண்டு வேளை பாதத்தை மேல்நோக்கி மெதுவாக வளைத்துப் பிடிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்காதீர்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டெம்செல்: நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்பதே போதும்.

இதை வாசிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்: அடி டி6 அல்லது அதற்கு மேலே, கழுத்துப் பக்கம் என்றால், திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, ரத்த அழுத்தம் எகிறுவது வரலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, டியூப் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா பாருங்கள். அடங்காவிட்டால் 108. திசையன்விளை அண்ணனுக்கு இந்தப் பயம் இல்லை.

வள்ளியூர் ஜெராக்ஸ்:

நானும் டி12தான். கிணறு வெட்டும்போது விழுந்தேன். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்துதான் இதைத் தட்டுகிறேன்.

பாளைக்காரர் சொன்னது என் கதையேதான். மருந்து வைத்து வைத்துப் பார்த்து நொந்துபோன ஆள் நான்.

அண்ணன் சுவரைப் பார்ப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, கட்டிலுக்கு மேலேயே நின்று, "ராசா மாதிரி இருந்தவன் இப்படி ஆயிட்டானே" என்று அம்மாவிடம் சொல்வார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். எனக்குக் கால்தான் மரத்துப்போனது, காது நன்றாகக் கேட்டது. கொஞ்ச நாளைக்கு அந்தக் கூட்டத்தை வாசலோடு அனுப்புங்கள். அம்மாவால் முடியாது, நீங்கள் போனில் சொல்லிவிடுங்கள். மாறாக, கூடப் பனையேறினவர்கள் யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள். அந்த நாற்பது பனையைப் பாட்டத்துக்கு விடுவதா, யார் ஏறுவது, கருப்பட்டி என்ன விலை போகிறது, இதெல்லாம் அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். விளையை விற்பதைப் பற்றி அவரைத் தவிர எல்லாரிடமும் பேசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வீட்டு வேலை: புண் ஆறினதும் நாற்காலி. ஒரு அடி உயர வாசற்படி என்றால் சரிவு பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். கொத்தனார் நாலு அடியில் செங்குத்தாகப் போட்டுவிட்டு ரேம்ப் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். கக்கூஸ் கதவு நாற்காலி நுழைகிற அகலத்துக்கு இருக்க வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால்மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். நான் கடையில் ஒவ்வொரு கஸ்டமருக்கும் சில்லறை கொடுத்ததும் ஒரு தூக்குத் தூக்கிக்கொள்வேன்.

பணம்: யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்பார்கள். கடும் பாதிப்பு என்று சான்று கிடைத்தால் அரசு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை தரும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நாற்காலிக்கும் எழுதிக் கொடுங்கள். அண்ணன் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா என்று அட்டையைத் தேடிப் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்று சொன்னால் பிசியோவும் நர்ஸும் வீட்டுக்கு வருவார்கள். 2021இலிருந்து இருக்கிற திட்டம், கேட்டால்தான் வருவார்கள்.

இன்னொன்று. அண்ணனும் மதினியும் சின்ன வயசு. புருஷன் பெண்டாட்டி வாழ்க்கை பற்றியும் டாக்டரிடம் கேட்கலாம், அதற்கும் வழி இருக்கிறது. நம் ஊரில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

தேரிமணல்:

எல்லோருக்கும் நன்றி. வள்ளியூர் அண்ணாச்சி சொன்னது சரிதான், விளை பற்றி அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. நேற்று ராத்திரி போனில் கேட்டேன். "விக்கப்புடாது"ன்னு ஒரே வார்த்தை சொன்னார். அதுவே எங்களுக்குப் பெரிசு. இந்த ஞாயிறு ஊருக்குப் போகிறேன், திங்கள் ஹைகிரவுண்டு.

அக்கா, ஆய்க்குடிக்கு யாரைக் கூட அனுப்புவது? அம்மா தானே வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். மதினி போனால் பிள்ளைகளுக்கு யார் இருப்பது என்று இருக்கிறது.

முக்கூடல் அக்கா:

அம்மாவை வீட்டில் பிள்ளைகளோடு விடுங்கள். அம்மா வந்தால் அவர் கையை நீட்டுவதற்குள் அம்மா எடுத்துக் கொடுத்துவிடுவாள், அவர் ஒன்றும் பழக மாட்டார். என் மாமியார் விஷயத்தில் பார்த்துவிட்டேன். மதினி போகட்டும், முதல் கொஞ்ச நாள் நீங்களும் லீவு போட்டுக் கூட இருங்கள். புரட்டுவது, நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் ஆண்பிள்ளையும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். மதினியின் இடுப்பு என்ன இரும்பா?

முதலில் போன் செய்து இடம் இருக்கிறதா, புண்ணோடு சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹைகிரவுண்டில் புண்ணைப் பார்த்துவிட்டுப் போவதுதான் முறை. டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ படம், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஒரு பையில். கார் வேண்டாம், வேன் பிடித்துப் பின்னால் மெத்தை போட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கூட்டிப்போங்கள். நாங்குநேரியில் ஒரு தடவை, பாவூர்சத்திரத்தில் ஒரு தடவை நிறுத்திப் பக்கம் மாற்றிவிடுங்கள். கைலி போதும். பேண்ட் வேண்டாம், பட்டன், தடித்த தையல் எதுவும் அடியில் இருக்கக்கூடாது. ஏற்றும்போது மெத்தையில் சாவி, சில்லறை, பேனா மூடி ஏதாவது கிடக்கிறதா என்று கையால் ஒரு தடவு தடவிப் பாருங்கள்.